தலைக்கவசத்தில் ஆறு சில்லுகள்

குலுக்கியது நான்தான்.
பாட்டில் என் பெயர் வராது, வரவும் வேண்டாம்.
கட்டியக்காரன் கைக்கு எவன் சந்தம் கட்டுவான்?

ஆற்றுக்கு அக்கரையில் அவர்களுடைய மல்லன்
விடிந்ததிலிருந்து கேடயத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்:
ஒருவன் வா, ஒரே ஒருவன்.
எங்கள் பக்கம் ஆறு பேர் எழுந்தார்கள்.
எழாதவர்களுக்கெல்லாம் அந்த நேரம் பார்த்து
செருப்பு வார் தளர்ந்துவிட்டது.

உடைந்த ஒயின் சாடியிலிருந்து ஆளுக்கொரு சில்லு.
எழுத்து அறியாத கைகள்
முதுகைத் திருப்பிக்கொண்டு குறி கீறின.
லோக்ரிஸ்காரன் தெலெசிப்போஸ் மட்டும் மறைக்கவில்லை.
முந்தின இரவு தின்ற மீனைக் கீறி
“முள்ளைக்கூட விடவில்லை, பார்” என்று காட்டினான்.
பல்லிடுக்கில் கீரை ஒட்டியிருந்தது.

வெண்கலத் தலைக்கவசம்.
உள்ளே எவனுடைய வேர்வையோ இன்னும் காயாமல்.
குலுக்கினேன்.
ஒன்று துள்ளி மணலில் விழுந்தது.
சக்கரம். ஐந்து ஆரக்கால்.
ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

வலப்புறமிருந்து வரிசையாகக் காட்ட வேண்டும், அதுதான் முறை.
முதலாமவன் பார்த்தான், என்னுடையதல்ல என்றான்.
அடுத்தவனும்.
அதற்கடுத்தவனும், கொஞ்சம் வேகமாக.
எவ்போயாவின் நவ்சிமாகோஸ்
சில்லைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான்.
அவன் கட்டைவிரல் முஷ்டிக்குள் மடங்கியிருந்தது.
என்னுடையதல்ல.
ஐந்தாமவனும் தலையாட்டிவிட்டான்.

அக்கரையில் தட்டுவது நின்றிருந்தது.
மௌனம் தண்ணீரைத் தாண்டும், கத்தலைவிடச் சுலபமாக.
அங்கே எவனோ சிரித்தான்.

தெலெசிப்போஸ் கையை நீட்டினான்.
“ஆ, இது என்னுடையது” என்றான்,
சந்தையில் தொலைத்த பையைக் கண்டெடுத்தவன்போல.

எங்கள் பேச்சில் பங்கு என்றால்
பந்தியில் அறுத்து வைக்கும் இறைச்சியும் அதுதான்,
ஒருவன் சாகும் நாளும் அதுதான்.
தேவர்கள் அறுக்கிறார்கள், நாம் வாங்கிக்கொள்கிறோம்.
அடுத்தவன் இலைக்குப் போனதை
எட்டி எடுத்துத் தின்றவனுக்கு
எந்தச் சொல் என்று நான் கற்கவில்லை.

மூன்று பகல் மூன்று இரவு போரிட்டதாகப் பாடுகிறார்கள்.
வெயில் உச்சிக்கு வருமுன்பே முடிந்துவிட்டது.
அவன் எறிந்தது கேடய விளிம்பை உரசிப் போயிற்று.
எதிரியின் ஈட்டி காறையெலும்புக்குக் கீழே.
முழங்காலளவுத் தண்ணீரில் உட்கார்ந்தான்,
கால் கழுவ வந்தவன்போல.
பிறகு சாய்ந்தான்.

அன்றிரவு தலைக்கவசத்தைக் கவிழ்த்தேன்.
கதிர் ஒன்று, வெறும் கோடு இரண்டு,
ஆந்தையோ பானையோ புரியாத ஒன்று.
ஐந்தாவதாக மீன்.
மீனை இடுப்பில் முடிந்துகொண்டேன்.
மற்றவற்றை ஆற்றில் எறிந்தேன்.
சக்கரம் அவன் கைக்குள் இருந்தது;
சிதையில் வைக்கும்போதுகூட விரல் பிரியவில்லை.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் ஒருவன் கோழை ஆவான்.
இன்னொருவன்
ஊழ் தேர்ந்தெடுத்த வீரன் இல்லை என்றும் ஆவான்.
அவன் தாய்க்கு எது வேண்டும்?
கேட்கவில்லை. லோக்ரிஸ் தூரம்.

இருபத்தோரு வருடம் கழித்து
எவ்போயாவில் ஒரு கல்யாணப் பந்தி.
பாணன் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான்.
எழுந்து நின்ற ஆறு பேரையும் பெயர் சொல்லிப் பாடினான்.
நவ்சிமாகோஸின் பெயர் வந்தபோது
பேரப்பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள்.
சக்கரம் துள்ளிய இடத்தில் பாணன் குரலை உயர்த்தினான்:
மீகாமன் அறியான், மேகம் அறியும், ஊழ் அறியும் என்று
ஏதோ அழகாக.

வீட்டுக்காரனுக்கு முதுகுக்கறி, முழு நீளம்.
நவ்சிமாகோஸ் அதைத் தொடவில்லை.
தட்டோடு எழுந்து,
பாட்டு நடக்கும்போதே கூடத்தைக் கடந்து,
கடைசி வரிசையில் என் முன்னால் வைத்தான்.
கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு தழும்பு.
ஒன்றும் பேசவில்லை. போகவும் இல்லை.

இடுப்பில் மீன் இருந்தது.
அதன் முனை விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.

தின்றேன்.
கொழுப்பு நன்றாகப் பொரிந்திருந்தது.